சுவரைப் பார்த்து நிற்பவர்

"அடிங்க சார்" என்று சொல்லிவிட்டு சர்வர் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். யார் கடவுச்சொல்லைத் தட்டினாலும் அப்படித்தான். மருத்துவமனையின் கணினிகளையும் அவற்றை இணைக்கும் சர்வரையும் பத்தொன்பது வருடங்களாகக் கட்டி மேய்க்கிறவருக்கு, அங்கே ஒருவருடைய கடவுச்சொல்லும் தெரியாது.

மற்ற விஷயங்களில் அவரைப்போல் மூக்கை நுழைக்கிற ஆளைப் பார்க்க முடியாது. காபி இயந்திரம் ஏன் முனகுகிறது என்று அதைப் பிரித்துப் போட்டவர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் நாவலை எட்டிப் படித்துக்கொண்டே, "கொஞ்சம் இருங்க, திருப்பிடாதீங்க" என்பார். காரணம் தெரியாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

போன வாரக் கடைசியில் பழைய சர்வரை மூலையில் ஒதுக்கிவிட்டுப் புதியதை ஓடவிட்டார். மூன்று மாத உழைப்பு. பழையதில் பதிந்திருந்த கடவுச்சொற்களைப் புதியதற்கு நகர்த்த முடியாது என்பதால், எல்லோரையும் வரவழைத்து அவரவர் கடவுச்சொல்லையே மறுபடி பதியச் சொன்னார். ஆய்வகத்தின் தலைமை மருத்துவர் மட்டும் பணப்பையிலிருந்து கடவுச்சொல் எழுதிய ஒரு கசங்கிய தாளை எடுத்து, பார்த்துப் பார்த்துப் பதிந்தார்.

இன்று காலை எல்லோரையும் உள்ளே விட்ட சர்வர், அவரை மட்டும் விடவில்லை.

"பதினோரு வருஷமா இதத்தாம்மா அடிக்கிறேன்!"

"புதுசா ஒண்ணு போட்டுக்கலாம் சார்."

"அது பெரிசில்ல. சரியா அடிச்சதையே தப்புங்குது. நாளைக்கு ரத்த ரிப்போர்ட்ட மாத்திக் காட்டாதுன்னு என்ன நிச்சயம்? காரணம் தெரியாம ஒரு ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

நாற்பது அறிக்கைகள் காத்திருந்தன. மதியத்துக்குள் சரியாகாவிட்டால் பழைய சர்வரையே ஓட்டுங்கள் என்று நிர்வாகியும் சொல்லிவிட்டார்.  அக்காவுக்கோ ஒரே கேள்வி: ஏன் அவருக்கு மட்டும்?

மூலையில் கிடந்த பழைய சர்வரை இயக்கினார். தனக்கென ஒரு நீளமான கடவுச்சொல்லைப் பதிந்து, கடைசி எழுத்தைத் தப்பாக அடித்தார். உள்ளே விட்டது! கடைசி மூன்றையும் தப்பாக அடித்தார். அப்போதும் விட்டது. முதல் எட்டு எழுத்துக்கு மேல் அந்தப் பழைய சர்வர் பார்த்ததே இல்லை. மருத்துவரைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"சார், எட்டு எழுத்துக்கு அப்புறம் தப்பா அடிச்சிருந்தாலும் பழசு உங்கள விட்டிருக்கும். திரையில இந்தக் கட்டத்துல அடிக்கிறது மறையாது, அப்படியே தெரியும். யோசிக்காம, எப்பவும் அடிக்கிற வேகத்துல அடிங்க. அப்புறம் உங்க தாளோட ஒத்துப் பாருங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் விசைகள் சடசடத்தன. தாள் பிரியும் ஓசை கேட்டது. 

"ஐயையோ... பதினோரு வருஷமாவா இப்படி அடிச்சேன்?"

"என்ன சார்?"

"தப்பு என் மேலதாம்மா. உன் சர்வர் மேல ஒண்ணும் இல்ல. நிர்வாகிகிட்ட நானே சொல்லிட்டுக் கையெழுத்துப் போடறேன்." நாற்காலி நகர்ந்தது. "இது மட்டும் என் வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாது!"

காலடிகள் ஓட்டமாய் வெளியேறின. கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாத அளவுக்கு அப்படி என்ன? அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவர் எதையும் அழித்துவிட்டுப் போனதாகத் தெரியவில்லை. திரும்பினால் போதும், பதில் திரையில் இருக்கும்.

முகத்தைத் திருப்பாமல் இரண்டடி பின்னால் வைத்தார். கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, மேசை விளிம்பைத் தடவி, மானிட்டரை அணைக்கும் பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினார்.