முன் சீற்றில் இருந்த பெட்டி

நான் ட்ரம்ஸ் அடித்த இசைக்குழுவை ஏற்றிப் போன வான்காரருக்கு நரைத்த மீசை. வலது முழங்கை மட்டும் வெயிலில் கறுத்திருக்கும். அவருடைய பெயரைக் கேட்க எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

குழுவுக்கு யார் தலைவர் என்பதில் பாடகருக்கும் கீபோர்ட்காரருக்கும் ஓயாத இழுபறி. எந்தப் பாட்டை முதலில் எடுப்பது என்று தொடங்கியது, வானின் முன் சீற்றில் யார் இருப்பது என்பதுவரை வந்துவிட்டது. ஒருநாள் வான்காரர் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை முன் சீற்றில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். இருவரும் பின்னால் ஏறினார்கள்.

புல்மோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், தேநீருக்கு நிறுத்தியபோது அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, இவையில ஆர் தலைவராய் இருந்தா நல்லம்?"

"எனக்கு அந்தக் கதை தெரியாது தம்பி. முன்னுக்கு ஆர் இருந்தாலும் கொஞ்சத்தால எனக்கே வழி சொல்லத் தொடங்கிடுவினம். பெட்டி ஒண்டும் சொல்லாது."

அன்று மேடையில் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டைத் தொடங்கினார்கள். நான் குச்சிகளைக் கீழே வைத்தேன். குழு அத்தோடு முடிந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை, கவலையும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, துறைமுகத்தில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். அந்த வான் வந்து நின்றது. முன் சீற்றில் ஒன்றும் இல்லை.

"வீட்டுக்கோ, சாம்பல்தீவுக்கோ? ஏறுங்கோ."

ஏறினேன். பெட்டிக்குப் போடுவதைப் போலவே அவர் எனக்கும் பெல்ட்டை இழுத்து மாட்டினார். என் வீட்டு ஒழுங்கையை வான் தாண்டிப் போனபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.