சட்டைப்பையில் ஒரு நட்டு

வீடுகளுக்குச் சின்னக் காற்றாலை மாட்டுவது என் தொழில்; காற்று வராவிட்டால் வாடிக்கையாளருக்குக் கவலை, வந்துவிட்டால் எனக்குக் கவலை. எதையாவது உயரத்தில் மாட்டிவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

அசையாத இறக்கை

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங் ஊரில் மீன் குளம் வைத்திருக்கும் கோவிந்தன் அண்ணன், குளத்து விளக்குகளுக்குக் காற்றாலை கேட்டார். இங்கே காற்று குறைவு என்று மூன்று தடவை சொன்னேன்; கேட்கவில்லை. நானும் கூட்டாளி பிரான்சிஸும் காலையிலேயே வீட்டை ஒட்டித் தூணை நிறுத்தினோம். காஜாங்கிலிருந்து அண்ணனின் மச்சான் குடும்பம் பிரியாணியோடு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தும் இறக்கை அசையவில்லை. எனக்குத்தான் வியர்த்தது. அண்ணன் ஆறுதல் சொன்னார்: "விடுங்க பாஸ், காத்து வேலைக்குப் போயிருக்கும்லா. வீட்டுக்கு வராமலா போயிடும்?"

பையில் வந்தது

திரும்பும் வழியில் கிள்ளானில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். போனை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டால் ஒரு நட்டு வந்தது. இறக்கையைப் பிடிக்கும் நட்டு. பெட்டியில் உபரியாக வந்ததா, நான் மாட்ட மறந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. கடல் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பிரான்சிஸைப் பார்த்தேன். அவன் கேட்டான்: "நீதானே மாட்டுன? என் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடுமா?"

சிவப்பு சுவிட்ச்

அண்ணன் போனை எடுக்கவில்லை. அவர் மனைவி எடுத்தார். காற்றாலையை நிறுத்தும் சிவப்பு சுவிட்சை உடனே அழுத்துங்கள் என்றேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "அதுவா தம்பி? சொந்தக்காரங்க வந்திருக்காங்க, பாக்க நல்லா இல்லன்னு அலமாரிய முன்னால நகர்த்திட்டோமே."

சுற்றியது

கன்டெய்னர் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் காற்று வந்துவிட்டது. இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. நேர் கீழே குடும்பமே நின்று, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தது. கத்திக் கத்தி எல்லோரையும் விரட்டினேன். பிரான்சிஸ் உள்ளே ஓடி அலமாரியைத் தள்ளி சுவிட்சை அழுத்தினான். அண்ணனுக்குக் கோபம்: "இப்பதானே பாஸ் சுத்துது. அதுக்குள்ள ஏன் நிறுத்துறீங்க?"

எண்ணிக்கை

மழை விட்டதும் தூணைச் சாய்த்து இறக்கினோம். பிரான்சிஸ் நட்டுகளை எண்ணினான். ஒன்றும் குறையவில்லை, என் பையில் இருந்தது உபரிதான். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பானரோடு ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தவன் கடைசி நட்டில் கையை வைத்தான். அது விரலுக்கே சுழன்றது. மெதுவாகச் சொன்னான்: "எல்லாம் இருக்கு. இது ஒன்ன மட்டும் ஸ்பானர் போடாம விட்டிருக்க."

இப்போதெல்லாம் எந்த வேலை முடிந்தாலும் ஒரு உபரி நட்டை வேண்டுமென்றே பைக்குள் போட்டுக்கொள்கிறேன், திரும்பிப் போய்ப் பார்க்க எனக்கொரு பயம் வேண்டுமே.