துரையின் நெஞ்சைச் சுற்றிய நீர்

சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றதும் எங்கள் நாய் துரை கதவை முட்டித் திறந்துகொண்டு, அம்மாவை அழைத்துவர ஓடுவான். அன்றும் வேன் சத்தத்துக்கு எழுந்தான். முன்கால்கள் ஊன்றின. பின்கால்கள் மடிந்து, அப்படியே சரிந்துவிட்டான். ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். கண் திறந்திருந்தது. ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீர் குடித்தான்.

தங்கள் நாய் இப்படி விழுந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு, “வெயிலா இருக்கும்” என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துரை ராஜபாளையம் கலப்பு. வெள்ளை நிறம், நீளக் கால்கள், யாரையும் மதிக்காத நடை. அந்த நடையைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது. வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கிறேன். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை (வெடிக்குள் ரசாயனப் பொடி நிரப்புவது). எவ்வளவு கழுவினாலும் அவள் விரல் இடுக்கில் அலுமினியப் பொடி மினுங்கும். அவள் வந்து உட்கார்ந்ததும் துரை அந்த விரல்களைத்தான் நக்குவான்.

அவன் விழுந்ததைச் சொன்னதும், “பொடி உள்ள போயிருச்சுலே” என்றாள் அம்மா.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் நெஞ்சில் பொடி தங்கக் கூடாதென்று வாழைப்பழம் தின்பார்கள். அம்மாவும் அப்படித்தான். அதையே துரைக்கும் கொடுத்தாள், கருப்பட்டியைத் தொட்டு, காலையும் மாலையும். சில நாட்களில் அவன் வயிறு உருண்டு திரண்டது. “பாத்தியா, எம்புட்டு சதை போட்டுட்டான்!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் சந்தோஷம். அவன் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்ததையும் பார்த்தோம். ஆனால் வயிறுதான் எங்கள் கண்ணை நிறைத்தது.

அடுத்த முறை விழுந்தவன் எழவில்லை. பக்கத்து வீட்டு ரஃபீக் அண்ணன் அப்போதுதான் லோடு ஆட்டோவில் காலண்டர் இறக்கிவிட்டு வந்திருந்தார். வண்டியில் அட்டையை விரித்தார். அவர் நாயைத் தொடுவதில்லை என்பதால் நான் தயங்கினேன்.

“ஏலே, நாயைத் தொட மாட்டேன்னுதான் சொல்லுவேன். வண்டி ஓட்ட மாட்டேன்னு என்னைக்குச் சொன்னேன்? ஏத்து, ஏத்து!”

விருதுநகரில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் மருத்துவர். அம்மா அவரிடம் பெருமையாகவே சொன்னாள்: “பழம் குடுத்தோம் டாக்டர், சதை போட்டுருக்கான்.” அவர் வயிற்றின் ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இது சதை இல்லைம்மா. நீர்.”

நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இதய ஒலி சுவருக்கு அப்பால் கேட்பதுபோல் மங்கியிருப்பதாகச் சொன்னார். ஸ்கேனில் காரணம் தெரிந்தது. பெரிகார்டியம் (இதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய பை) முழுக்க நீர் சேர்ந்து இதயத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. விரிய இடமில்லாததால் இதயத்தால் ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. ரத்தம் தேங்கியதில் வயிற்றிலும் நீர் கோத்துக்கொண்டது. மயக்கமும் அதனால்தான்.

விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரின் நிறத்தில் இறங்கியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீர் இறங்க இறங்க, தொங்கிக் கிடந்த அவன் காது ஒன்று மெல்ல நிமிர்ந்தது. திரும்பும்போது வண்டியின் பின்னால் எழுந்து நின்றுகொண்டு வந்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. சில வாரங்களில் ஈறு மறுபடி வெளுத்தது. இந்த முறை திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கட்டி எதுவும் தென்படவில்லை. கிருமியும் இல்லை. “இடியோபதிக்” என்றார் பெரிய மருத்துவர் (காரணம் கண்டுபிடிக்க முடியாதது).

அம்மா முன்னால் வந்து நின்றாள். “நான் பொடி வேலை பாக்குறேங்க. என் கையை நக்குவான். அதனாலயா?”

“அதனாலதான்னு சொல்ல எங்ககிட்ட எதுவும் இல்லைம்மா. பொடி யார் வயித்துக்குள்ளயும் போகக் கூடாது, அதை நிறுத்திருங்க. ஆனா இந்த நீர் எதனால வருதுன்னு எங்களுக்கே தெரியலை.”

பொடியை நிறுத்தச் சொன்னார். அம்மா தன்னையே நிறுத்திக்கொண்டாள். துரை கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தாள். அவன் கிட்டே வந்தால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, “அங்கன போ” என்பாள். அவன் தட்டில் சோறு காய்ந்தது. நோயில் இளைத்தானா, இதில் இளைத்தானா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“டாக்டரே தெரியலைங்கிறாகளேம்மா” என்றேன்.

“தெரியலைன்னா இல்லைன்னு ஆயிருமா? படிச்சவன்தானே, நீ சொல்லு, எதனால?”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மருந்துச் சீட்டு, அரசாங்கக் கடிதம் என்று எது வந்தாலும் தெருவே என்னிடம்தான் நீட்டும். சோதனைச் சீட்டை எடுத்து மறுபடி வாசித்தேன், அதிலும் ‘இடியோபதிக்’ என்றுதான் இருந்தது. காரணம் தெரியாத நோயில் வீட்டார் எல்லோரும் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். உங்கள் வீட்டிலும் நடக்கும். வாதாடி அதை மாற்ற முடியாது.

மூன்றாம் முறை நீர் எடுக்கப் போனபோது ரஃபீக் அண்ணன்தான் மறுபடி வண்டி ஓட்டினார். வழியில் அம்மா தன் கையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்ததும் குறுக்கிட்டார்.

“அக்கா, உங்க கம்பெனி வாட்ச்மேன் ஒரு நாய் வச்சிருக்காரே?”

“ஆமா, கருப்பு. அந்தப் பொடியிலதான் பெறண்டு கெடக்கும்.”

“நீங்க சொல்றது உண்மைன்னா அது இந்நேரம் ராக்கெட்டா மேல போயிருக்கணுமே?”

அம்மா சிரித்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அது ஆதாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நாயை வைத்து இன்னொரு நாயின் நோயைச் சொல்ல முடியாது. ஆனால் என் மடியில் கிடந்த துரையின் தலை, அவள் சிரிப்புக்குத் திரும்பியது. அவன் மூக்கு பட்டும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது வேலை விட்டு வந்ததும் அம்மா முதலில் குளித்துத் துணி மாற்றுகிறாள். தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, நகக்கண்வரை கழுவுகிறாள். பிறகுதான், “துரை, வாங்க” என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் கூப்பிட்டபோது அவன் தயங்கி நின்றான். பிறகு வந்து, கையை முகர்ந்து, அவள் மடியில் தாடையை வைத்தான். அன்று சோறு மிச்சம் வைக்கவில்லை.

சில நாய்களுக்கு இரண்டு மூன்று முறை எடுத்தபின் நீர் வராமலே போகுமாம். திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பையையே அறுவை சிகிச்சையில் அகற்றலாமாம். நாங்கள் மாதாமாதம் ஸ்கேனுக்குப் போகிறோம். போன மாதம் மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு இல்லை” என்றார்.

“இனிமே வராதுங்களா?” என்று கேட்டேன்.

“இன்னைக்கு இல்லை. அடுத்த மாசம் பாப்போம்.”

எனக்கு அது போதவில்லை. அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. தீபாவளிக்கு இத்தனை மாதம் என்று சீசனையும் ஆர்டரையும் வைத்தே காலத்தைக் கணக்கிடும் ஊர் எங்களுடையது. நானோ ஒரு வருடம் முன்னதாகவே தேதிகளை அச்சுக்கு அனுப்புகிறவன். இப்போது வீட்டில் பேச்செல்லாம் இந்த ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான். ஆச்சரியமாக, அது சின்னக் காலமாகத் தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஈறின் நிறத்தைப் பாருங்கள். உறங்கும்போது மூச்சைக் கவனியுங்கள். ஈறு வெளுத்தாலோ, மூச்சு வழக்கத்தைவிட வேகமாக இருந்தாலோ காத்திருக்காதீர்கள்.

இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் கண் தானாக அவள் நெஞ்சுக்குப் போனது. ஏறியது, இறங்கியது. நடுவில் ஒரு மெல்லிய விசில் சத்தம். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் அதை நான் கேட்டதில்லை. நாய்க்கு அத்தனை ஸ்கேன் எடுத்த நாங்கள், அம்மாவின் நெஞ்சை ஒருமுறைகூட யாரிடமும் காட்டியதில்லை.

அவள் எழுந்ததும் அதைச் சொன்னேன். “எனக்கென்னலே, நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். சும்மா டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றேன். துரையின் விலாவில், ஊசி இறங்கிய இடத்தில், கையை வைத்தாள்.

“ஊசி போடுவாகளா?”

“தெரியலைம்மா.”

“சரி, திங்கக்கிழமை லீவு சொல்லிருதேன்” என்றாள்.