லூர்து மாதாவுக்கு ஒரு பிரதட்டை

லூர்துக்கு வான் வண்டியில் போனது ஆர் ஆர் என்றால்: நான். என்ரை மனுசி. இஞ்சை பிறந்த மகள், பதினாறு வயசு, காதில் பாட்டு வயர். வான் ஓடினது மன்னார் அண்ணை. லா சப்பலில் எங்கட மேல்வீட்டுக்காரர், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர். எங்களுக்குப் பிள்ளையார்தான். ஆனால் சாமித்தட்டில் லூர்து மாதாவும் இருக்கிறா. இடம் இருந்தது, வைத்தோம்.

போன வருசம் என்ரை நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தார்கள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் மனுசி நேர்த்தி வைத்தாள். நான் பிழைத்தால் லூர்தில் பிரதட்டை, நிலத்தில் நூற்றெட்டு உருளல். வைத்தது அவள். உருள வேண்டியது நான்.

"மாதாவுக்கு ஆர் பிரதட்டை அடிக்கிறது? ஒரு மெழுகுதிரி காணும் தங்கச்சி," என்றார் அண்ணை.

"சொன்னது சொன்னதுதான் அண்ணை. செய்யாட்டில் நெஞ்சு வருத்தம் திரும்பி வரும்."

அவள் முகத்தில் பகிடி இல்லை. நான் வேட்டியைக் கட்டினேன்.

மாதா நிற்கிற குகைக் கெபிக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. சுற்றி வர வழியில்லை. ஆற்றோரம் நேராக உருள வெளிக்கிட்டேன், வெறும் மேலோடு. மனுசி பின்னால் எண்ணிக்கொண்டு வந்தாள். மகள் எங்களைத் தெரியாத மாதிரி நின்றாள்.

முப்பத்திநாலில் இரண்டு தொண்டர் கிழவர்கள் ஓடி வந்தார்கள். நெஞ்சில் நீட்டுத் தழும்போடு ஒருத்தன் நிலத்தில் புரளுகிறான். அவர்களில் பிழையில்லை. தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தி, வார் போட்டு, கம்பளியால் சுற்றினார்கள். நான் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுறவன். என்ரை பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றேன். இன்னும் வேகமாகத் தள்ளினார்கள்.

மனுசி அழுதுகொண்டு கூட ஓடினாள். "ஐயோ, இன்னும் எழுபத்திநாலு கிடக்கு!"

அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "தங்கச்சி, சில்லு உருளுதுதானே? மேலை இருக்கிறது அவர்தானே? எண்ணும்!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சில்லைப் பார்த்து, "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு" என்று தொடங்கினாள்.

எண்பதில் முதலுதவி அறை வாசல் வந்துவிட்டது. வண்டி நிற்கப் போகிறது. மனுசி என்னைப் பார்த்த பார்வை, செத்தவனைப் பார்க்கிற பார்வை.

மகள் வயரைக் கழற்றினாள். கிழவர்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். ஒருவர் என் தலையைத் தடவினார். வண்டி திரும்பியது.

"என்னடி சொன்னனீ?"

"சாக முன்னம் அப்பாவுக்கு ஆறு பாக்கோணுமாம் எண்டன்."

நல்ல மனுசர். கரை முழுக்கக் காட்டினார்கள். மனுசி நூற்றெட்டில் கும்பிட்டாள். ஆனால் எண்ணுறதை விடவில்லை, காவலுக்கு இருக்கட்டுமாம்.

இருநூற்றுப் பன்னிரண்டு.