ஒண்ணியும் மாட்டல

பிடித்த மீனை விற்றால் தொழில், விற்காவிட்டால் பொழுதுபோக்கு. தொண்ணூறுகளின் நடுவில் நான் சேர்ந்த ஆய்வு நிறுவனத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான். அந்தக் கணக்குப்படி என் அண்ணன் ஒரு பெரிய உல்லாசப் பேர்வழி. கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுக்கு மரவேலை செய்துகொண்டிருந்தவன். அந்த வருஷங்களில் படப்பிடிப்பு வெளியூருக்குப் போய்விட, மாதத்தில் பாதி நாள் வேலை இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் போய்விடுவான். கிடைத்ததை அண்ணி குழம்பு வைப்பாள். ஒரு நாளும் அவன் மீனை விற்றதில்லை. விற்கிற அளவுக்கு மிஞ்சினால்தானே.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், ஓர் அறையும் அடுப்படியுமாக இருந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவன் அண்ணன். விலங்கியல் படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு இந்தத் தற்காலிக வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று அண்ணி கேட்டாள். ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிறவர்களிடம் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிற வேலை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கு எதுக்கு தம்பி காலேஜு? ஒங்க அண்ணன் தெனமும் ஓசிலயே சொல்லுவாரே" என்றாள். சிரிக்கும்போது ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இரண்டு தடவை கலைந்துபோன பிறகு தங்கியிருந்த கரு.

எங்கள் ஆய்வு சும்மா நடக்கவில்லை. முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பெரிய கழிவுநீர்க் குழாயைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அதை அப்படியே நிரந்தரமாக்கலாமா, வேறு பக்கம் திருப்பலாமா என்பதுதான் கேள்வி. அங்கே மீனும், சேற்றில் கிடக்கும் மட்டிச் சிப்பியும் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தால் திருப்ப வேண்டும். யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். தொழில்முறை மீனவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் பிடிப்பதற்கு வேறு இடத்தில் கணக்கு இருந்தது. விற்காமல் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கணக்கு இல்லை. அதற்குத்தான் நாங்கள்.

வேலை பார்க்கச் சுலபமாக இருக்கும். உடைந்த பாலத்தில், பட்டினப்பாக்கத்துப் பக்கத்து மணல்திட்டில், அடையாறு பாலத்தின் கீழே என்று இடங்களைப் பிரித்துக்கொள்வோம். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். கிளம்புகிற ஆளை நிறுத்தி, எவ்வளவு நேரம் இருந்தீர்கள், என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும். பையைக் காட்டினால் பார்க்கலாம். நாமாகத் திறக்கக் கூடாது. ஓர் ஆளுக்குச் சராசரியாகக் கிடைத்ததை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, வருஷத்துக்கு நீட்டினால் ஆறு கொடுக்கிற சாப்பாட்டின் அளவு வந்துவிடும். காகிதத்தில் அழகான முறை. வெளிநாட்டில் எங்கோ நன்றாக நடந்திருக்கிறது என்றார்கள். அங்கே தூண்டில் போடுகிறவன் பிடித்ததைவிடக் கூடச் சொல்வானாம். அதைக் குறைத்துக்கொள்ள ஒரு வழியும் வைத்திருந்தார்கள்.

எங்கள் ஆற்றங்கரையில் நிலைமை தலைகீழ். தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிற எவனைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணியும் மாட்டல சார்." பக்கத்தில் பிளாஸ்டிக் பை துள்ளிக்கொண்டிருக்கும். "சும்மா காத்தாட குந்திகினு கீறேன்" என்பான். நீர் வற்றும் நேரத்தில் முட்டியளவு சேற்றில் குனிந்து மட்டி பொறுக்குகிற பெண்கள், என் தலையைக் கண்டதுமே சட்டியின் மேல் முந்தானையைப் போட்டு மூடுவார்கள். இது பொய் சொல்லும் புத்தி இல்லை. பிடித்ததை வீடு போய்ச் சேரும்வரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எண்ணவும் கூடாது. சொன்னால் கண் படும், மறுநாள் தூண்டிலில் புழுவைக்கூட எதுவும் தொடாது. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். நானே சின்ன வயதில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் அண்ணன் கிளம்பும் நேரத்தில் உடைந்த பாலத்தில் என் முறை வந்தது. வேண்டுமென்றே விறைப்பாகப் போய் நின்றேன்.

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணியும் மாட்டல சார்" என்றான், என் முகத்தைப் பார்த்தே. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். எழுதிக்கொண்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மடவை மீன் குழம்பு. அண்ணி எனக்குத் தலையாகப் பார்த்துப் போட்டாள். "ஒண்ணியும் மாட்டாததுக்கே இவ்ளோ ருசியா கீது" என்று நான் சொன்னதும் அண்ணனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் கேட்டேன்: இப்படி எல்லாரும் மறைத்தால் குழாயைத் திருப்ப மாட்டார்கள், உங்களுக்குத்தான் நஷ்டம், எனக்காகவாவது உண்மையைச் சொன்னால் என்ன?

சிரிப்பு போய்விட்டது. "வயித்துல புள்ளய வெச்சிகினு கீறா. ரெண்டு தபா வந்து போயிட்ச்சு. இப்போ போயி, எங்க வூட்டுக்கு இவ்ளோ வருதுன்னு ஊரக் கூட்டிச் சொல்லச் சொல்றியா? போடா" என்றான். அண்ணிக்கு எத்தனை மாதம் என்பதைக்கூட அவன் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. பயந்தவனிடம் சராசரியையும் பெருக்கலையும் வைத்துக்கொண்டு என்ன பேசிவிட முடியும்?

ஆனால் இன்னொன்றைப் பேசினேன். அதைப் பல தடவை பேசினேன். அந்தத் தண்ணீரில் நீ பொறுக்கிக்கொண்டு வருகிற மட்டியை அண்ணிக்குக் கொடுக்காதே என்று அண்ணனிடம் சொன்னேன். மீனையாவது நன்றாகக் கொதிக்கவிடுகிறோம். மட்டியை அண்ணி அப்படிச் சமைப்பதில்லை. வாய் திறந்த உடனே சட்டியை இறக்கிவிடுவாள், இல்லாவிட்டால் ரப்பராகிவிடும் என்பாள். மட்டி ஒரு நாள் முழுக்க ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் துப்புகிற பிராணி. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் வயிற்றில் தங்கும். இதைச் சொன்னால் அண்ணன் கையை வீசுவான். "கடத் தண்ணி ஏறி எறங்குதுல்ல? எல்லாத்தியும் இஸ்துகினு போயிடும்." அண்ணியோ, "டாக்டரம்மா சத்தா துன்னச் சொல்லிக்கீது தம்பி. கறிக்கு நான் எங்க போவேன்?" என்பாள். என் சம்பளம் வந்தபோது ஈரல் வாங்கிக்கொடுத்தேன். அது எத்தனை நாளைக்கு?

அலுவலகத்தில் எங்கள் அதிகாரி நல்ல மனிதர். மயிலாப்பூர்க்காரர், மீனை வாயில் வைக்காத குடும்பம். ஆனால் மீன்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. அவரிடம் போய், ஜனங்கள் கண் படும் என்று மறைக்கிறார்கள், நம் கணக்கு தப்பு என்றேன். ஒரு மாதம் வீடு வீடாகப் போய்ச் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "மறைக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எவ்வளவு மறைக்கிறாங்கன்னு தெரியுமா? தெரியாதுல்ல. அப்ப நாம ஒரு எண்ணைச் சேர்த்தா அது ஆய்வு இல்லப்பா, கதை" என்றார். வீடு வீடாகப் போக நேரமும் இல்லை, ஆளும் இல்லை. சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். முறைப்படி அவர் பேசியது சரி. பூஜ்யத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும்.

பூஜ்யம் சொல்லாத ஆட்களும் சிலர் இருந்தார்கள். காரில் வருகிறவர்கள். அடையாறு பங்களா ஒன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற ஒருவர், வெளிநாட்டுச் சக்கரத் தூண்டிலும் தொப்பியுமாக நிற்பார். எங்களைக் கண்டாலே கூப்பிடுவார். போன வாரம் விட்ட கொடுவாய் மீன் இவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். பிடித்ததைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பி ஆற்றிலேயே விட்டுவிடுவாராம். இந்தத் தண்ணீர் மீனை யார் சாப்பிடுவார்கள் என்பார். எங்கள் ஆய்வின் கதாநாயகன் அவர்தான். கணக்கு கூட்டி முடித்தபோது முகத்துவாரத்து மீனில் பெரும்பங்கு அவரைப் போன்ற நாலைந்து பேர் பிடித்ததாகவும், அதையும் அவர்கள் உண்பதில்லை என்றும் வந்து நின்றது. சேற்றில் குனிந்திருந்த அத்தனை பெண்களையும், பாலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களையும் அந்தக் கணக்கு வெறுமனே காற்று வாங்க வந்தவர்களாக்கிவிட்டது. அறிக்கையைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு வாந்தி. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாசமாக இருக்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று சந்தில் எல்லாரும் சொன்னார்கள். ஒரு காலையில் வாசல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை முழுவதும் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். நான் கத்தினேன், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு பெண் மருத்துவர், கடைசி மாதங்களில் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று ஒளிக்காமல் சொன்னார். எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆற்றில் எடுத்த மட்டி, சிப்பி ஏதாவது சாப்பிட்டார்களா என்றும் கேட்டார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் சொன்னேன்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாதக்கணக்காக. அவர் தலையாட்டினார். அதுவாகவும் இருக்கலாம், உங்கள் சந்தின் அடிபம்புத் தண்ணீராகவும் இருக்கலாம், இனிமேல் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றார்.

அண்ணிக்கு நினைவு தப்பிவிட்டது. நடுவில் ஒருமுறை கண் திறந்து என்னைப் பார்த்து, "தம்பி, அவரு துன்னாரா?" என்று கேட்டாள். துன்னாரு என்றேன். துன்னவில்லை. குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதற்கு மறுநாள் அவளும் போய்விட்டாள். பெண் குழந்தை என்று சொன்னார்கள். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டு போனோம். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் முடியவில்லை, அதனால் விடுகிறேன்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஒரு பிற்பகல், எங்கள் அலுவலக வாசலில் அண்ணன் வந்து நின்றான். சலவைச் சட்டை, வழித்த முகம். அதற்கு முன் அவன் அங்கே வந்ததே இல்லை. நேராக அதிகாரியின் மேசைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், நான் இவன் அண்ணன். இவன் கேக்க சொல்லோ நான் பொய் சொல்லிட்டேன் சார். இப்ப சொல்றேன்."

சொன்னான். மடவை எவ்வளவு, கெளுத்தி எவ்வளவு, இறால் எந்த மாதத்தில், நண்டு எந்தப் பக்கத்தில். எந்தெந்தக் குடும்பம் எந்தத் திட்டில் மட்டி எடுக்கிறது, ஒரு தடவைக்கு எத்தனை தூக்குச்சட்டி. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக, சத்தமாகச் சொன்னான். அறையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு எழுந்துபோய் அவன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது, காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

அதிகாரி கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். நாற்காலியைக் காட்டினார், அண்ணன் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார், அதையும் வாங்கவில்லை.

"அறிக்கை போயாச்சுப்பா. குழாயை நிரந்தரமாக்க உத்தரவும் வந்தாச்சு" என்றார் அவர், மெதுவாக. "இப்ப சொல்றதை அதுல சேர்க்க முடியாது. அப்படி ஒரு வழி இல்லை."

"நான் புடிச்சத உட்டுடு சார்" என்றான் அண்ணன். "ஊருல மத்தவன் புடிச்சதயும் உட்டுடு. என் பொண்டாட்டி துன்னத மட்டுமாவது எழுதிக்க சார்."

எழுத அங்கே இடமில்லை என்பது அதிகாரிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணன் மட்டும், அவர் பேனாவை எடுப்பார் என்று நின்றுகொண்டிருந்தான்.