கூரைச் சரிவில் வைத்த சட்டைகள்

“அந்தக் கூரையைத் திறக்க உன்னாலை ஏலாது, பிள்ளை. திறந்தாலும் பிறகு மூட ஏலாது.”

மாமா இதைச் சொன்னபோது எனக்குச் சுரீர் என்றது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பும் மாமாவின் படிப்பும் இடப்பெயர்வோடு பள்ளிக்கூடத்திலேயே நின்றுபோனவை. நான் படித்தது கட்டடப் பொறியியல். வீடுகளுக்குள் குளிர் எந்த வழியால் நுழைகிறது, ஈரம் எங்கே தங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். லண்டனில் மிச்சம் என்ற எங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ பேர் வீட்டுக் கூரைகளைத் திறந்து பார்த்தவளுக்கு, தான் வளர்ந்த வீட்டுக் கூரையைத் திறக்கத் தெரியாதா?

அந்தக் கூரை மூடப்பட்டபோது எனக்கு எட்டு வயதிருக்கும். மேல்மாடி அறைதான் எனக்கென்று கிடைத்த முதல் அறை. கூரை சரிந்து வந்து கட்டிலின் தலைமாட்டில் நிற்கும். கவனமில்லாமல் எழும்பினால் நெற்றி இடிக்கும். மாரியில் அங்கே மூச்சு விட்டால் புகை வரும். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் படுப்பேன். கீழே தம்பியோடு வந்து படு என்று அம்மா கூப்பிட்டுக் களைத்துப்போனார். இருமல் பிடித்து விடாமல் நின்றபோதும் நான் அறையை விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பற்றிய நாட்டைக் குளிருக்குப் பயந்து யாராவது விடுவார்களா என்பது என் நினைப்பு.

கடைசியில் அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டார். மாமா ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஆகவே குளிரைப் பற்றி அவர் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. “இதெல்லாம் ஒரு குளிரே? அங்கை நாங்கள் கண்டதெல்லோ குளிர்” என்று சொல்லிக்கொண்டே சரிவில் அடித்திருந்த பழைய பலகைகளைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. கைமரங்களுக்கு நடுவே ஓட்டின் அடிப்புறம் தெரிந்தது. இடுக்கால் வெளிச்சம் வந்தது.

“பிள்ளையை வெளியிலை எல்லோ படுக்க விட்டிருக்கிறியள், அக்கா!” என்று மாமா சிரித்தார்.

குளிரைத் தடுக்க அவர் கொண்டுவந்த கண்ணாடிப் பஞ்சு பாதிச் சரிவோடு முடிந்துபோனது. ஞாயிறு பின்னேரம், கடைகள் பூட்டியாயிற்று, வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார் மாமா. அம்மா கீழே போனார். கொஞ்ச நேரத்தில் படிகளில் எதையோ இழுத்துவரும் சத்தம் கேட்டது.

அது வாசல் நடையில் இருந்த மட்டைப்பெட்டி. வன்னியில் இருந்த சின்னம்மாவுக்கும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அம்மாவும் மாமாவும் வாங்கிச் சேர்த்த உடுப்புகள். யுத்தத்தில் மூடிய பாதை திறந்ததும் கப்பலில் போடுவதாக இருந்தது. மூத்தவளுக்கு என் வயது. ஒவ்வொரு சட்டையையும் அம்மா முதலில் என் தோளில் வைத்துப் பிடிப்பார். “அவளும் உன்ரை உயரம்தான்” என்று அளவு பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் மடித்து வைப்பார். எனக்குப் பொறுக்காது. யுத்தம் முடிந்த அந்த வைகாசியோடு சின்னம்மாவிடமிருந்து தொலைபேசி வருவது நின்றிருந்தது. பெரியவர்கள் எங்கள் முன்னால் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றிருந்தது. பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை.

“இதை உள்ளை வை, தம்பி” என்றார் அம்மா மாமாவிடம்.

மாமாவின் சிரிப்பு போய்விட்டது. “விசரே உங்களுக்கு? பாதை திறந்தால் அனுப்பிறதெல்லோ?”

“பாதை திறந்திட்டுது. ஆரும் வரேல்லை. வை எண்டுறன். இருக்கிற பிள்ளையாவது குளிராமல் படுக்கட்டும்.”

அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மாமா வாங்கிச் சுருட்டி, கைமரங்களுக்கு நடுவே ஓட்டோடு ஒட்ட அடைத்தார். நெஞ்சில் துணிப்பூ வைத்த மஞ்சள் சட்டை வந்தபோது நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

“எனக்குத் தாங்கோவன், அம்மா! எனக்கு அளவுதானே!”

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். “அது உனக்கில்லை.”

புதுச் சட்டையைக் கூரைக்குள் திணிப்பாராம், பெற்ற மகளுக்குக் கொடுக்கமாட்டாராம். நான் ஓவென்று அழுதேன்.

மாமா திருகாணிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு புதுப்பலகையால் மூடினார். அழுகை அடங்கியதும் எனக்கு ஒரு வழி தோன்றியது. “அவையள் வந்தால் கழட்டி எடுத்துக் குடுக்கலாம்தானே, மாமா?” அவர் பதில் சொல்லவில்லை. வாயில் திருகாணி இருப்பதால்தான் என்று நினைத்தேன்.

அன்றைக்குத் தொப்பி இல்லாமல் படுத்தேன். சுகமாக இருந்தது.

அந்த வேலையில் ஒரு பிழை இருந்தது. ஓட்டுக்கும் துணிக்கும் நடுவே காற்றோட இடம் விட்டிருக்க வேண்டும். விடாததால், கீழே படுத்திருப்பவரின் மூச்சு மேலே போய்க் குளிர்ந்து, நீராகித் துணியில் தங்கியது. ஒவ்வொரு மாரியும் பலகையில் கரும்புள்ளிகள் பூக்கும். அம்மா துடைத்துவிட்டு வெள்ளை அடிப்பார். ஒருவரையும் அதைத் திறக்க விடமாட்டார். மரம் உக்கத் தொடங்கிவிட்டது, இனிப் பொறுக்க முடியாது என்று போன மாதம் நான் சொன்னபோதுதான் மாமா என்னால் திறக்க ஏலாது என்று சொன்னார். என் கெட்டித்தனத்தில் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, நான் படித்ததையெல்லாம் அவருக்கு அடுக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அதில்லை, பிள்ளை” என்றார்.

சின்னம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் வீட்டில் வேறு செத்தவீடு நடக்கவில்லை. அந்த ஞாயிறு பின்னேரம் என் அறையில் நடந்ததுதான் அது. அங்கே அழுதது நான் ஒருத்திதான். அதுவும் ஒரு சட்டைக்காக.

நேற்றுக் காலை ஏணியை வைத்தேன். மாமா வந்து பிடித்துக்கொண்டார். அம்மா தோய்த்துக் காய்ந்த வெள்ளைப் போர்வை ஒன்றைத் தரையில் விரித்தார். முதல் பலகை கழன்றதும் மஞ்சள் சட்டைதான் கைக்கு வந்தது, ஈரமாக, ஓரமெல்லாம் கறுத்து. அதோடு கீழே இறங்கினேன். அம்மா வாங்கி, உதறி, பழைய பழக்கத்தில் என் தோளில் வைத்துப் பிடித்தார்.

அது என் இடுப்போடு நின்றுவிட்டது.

அம்மா அதன் கறுத்த ஓரத்தை விரலால் நீவினார். பிறகு மடித்துப் போர்வையில் வைத்தார். நான் ஏணியை அடுத்த பலகைக்கு நகர்த்தினேன்.