விளம்பரத்திலிருந்து எடுத்த ஏழு சொற்கள்

குனோங் ராபாட்டில் நான் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் வேலை தேடினேன். எத்தனை ரெஸ்யூம் அனுப்பியும் அழைப்பில்லை.

"முதல்ல கம்ப்யூட்டர்தான் படிக்குது அக்கா. விளம்பரத்துல உள்ள வார்த்தைய அப்படியே போடுங்க லா," என்றாள் பக்கத்து வீட்டு மாலா.

ஒரு கிடங்கு வேலைக்கான விளம்பரத்திலிருந்து 'ஸ்டாக் கன்ட்ரோல்' உட்பட ஏழு சொற்களை எடுத்துப் போட்டேன். மறுவாரமே நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள்.

மேலாளர் தமிழர், என்னைவிட இளையவர். ரெஸ்யூமில் 'ஸ்டாக் கன்ட்ரோல்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"இத எங்க செஞ்சீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "செஞ்சதில்ல சார். விளம்பரத்தப் பாத்துப் போட்டேன்."

எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அவரோ, "வேலை இல்லாத நாள்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"எங்க பழைய எஸ்டேட் கோயில் திருவிழாவுல அன்னதானச் சாமான் என் பொறுப்பு. அரிசி, பருப்பு எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு மிச்சம்னு எழுதி வெப்பேன். ஒன்பது வருஷமா எதுவும் பத்தாம போனதில்ல."

"அதான் அக்கா ஸ்டாக் கன்ட்ரோல்! ஏன் எழுதல?"

சாமிக்குச் செய்ததை வெளியே சொல்லிக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ரெஸ்யூமைத் திருத்திக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று முதல், எந்தச் சொல்லைப் போட்டாலும் அதை எங்கே செய்தேன் என்று பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். இடம் வராத சொல்லை அடித்துவிடுகிறேன். அந்த ஏழில் மிஞ்சியவை நான்கு. அவற்றில் மூன்று, கோயில் சமையற்கட்டில் செய்தவை.